எள் எண்ணெயாகும் முன் கையை எடுங்கள்

"எள்ளுன்னா எண்ணெயா நிப்பா" என்று என் மாமியார் வந்தவர் போனவரிடமெல்லாம் என்னைப் பற்றிச் சொல்வார். வேலையைச் சொல்லி வாய் மூடுவதற்குள் முடித்துவிடுவேனாம். அந்தச் சுறுசுறுப்பு எங்கும் எனக்குக் கைகொடுத்திருக்கிறது, ஜப்பானிய எள்ளுப்பு அரைக்கும் இடத்தில் மட்டும் காலை வாரிவிட்டது. அதில் எள் முழுசாகவும் இருக்கக்கூடாது, எண்ணெய் கக்கவும் கூடாது. நடுவில் ஓர் இடம் இருக்கிறது. அதைப் பிடிக்க எனக்கு நாலைந்து தடவை எள் வீணானது. உங்களுக்கு வீணாக வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

அதன் பெயர் கோமாஷியோ. கோமா என்றால் எள், ஷியோ என்றால் உப்பு. சாமான் இரண்டே இரண்டு. நரையும் கறுப்பும் கலந்த தலைமுடிக்கும் ஜப்பானியர்கள் இதே பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். எனக்கு 61 வயது, சாயம் பூசுவதில்லை, ஆக நானும் ஒரு கோமாஷியோதான். வீட்டில் நாங்கள் இதை எள்ளுப்பு என்றே சொல்கிறோம்.

நான் இதைக் கற்றுக்கொண்டது ஜப்பானியச் சோற்றுப் பெட்டி தயாரிக்கும் ஒரு மத்திய சமையற்கூடத்தில். ஏழு வருடம் அங்கே வேலை பார்த்தேன். பெட்டிகள் வரிசையாக வரும். சோற்றின் மேல் கறுப்பு எள்ளும் உப்பும் கலந்த தூளை ஒரு சிட்டிகை தூவி, நடுவில் ஊறுகாய்ப் பழம் ஒன்றை வைத்துத் தள்ள வேண்டும். அங்கே தூவியது பாக்கெட்டில் வருகிற முழு எள். ஒருநாள் இடைவேளையில், பெரிய செஃப் தனக்கென்று கொஞ்சம் எள்ளை ஒரு மண் கிண்ணத்தில் அரைத்து, வெறும் கஞ்சியில் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "ஆன்ட்டி, ட்ரை" என்று கிண்ணத்தை நீட்டினார். கஞ்சியில் உப்பே இல்லை. மேலே கிடந்த அரைக் கரண்டித் தூள் மொத்தத்தையும் தாங்கியது. நாங்கள் பெட்டியில் தூவுவதற்கும் இதற்கும் பெயர் ஒன்று, ருசி வேறு.

அப்போது எனக்கு அது வெறும் ருசி. என் வீட்டுக்காரருக்கு ரத்த அழுத்தம் ஏறி, பலதுறை மருந்தகத்தில் உப்பைக் குறைக்கச் சொன்ன பிறகுதான் அந்தக் கிண்ணம் ஞாபகத்துக்கு வந்தது. சிங்கப்பூரில் நாம் எல்லாருமே அளவுக்கு மீறித்தான் உப்பு தின்கிறோம். 2022 தேசிய ஊட்டச்சத்து ஆய்வின்படி ஒருவர் ஒரு நாளைக்குச் சராசரியாக 3,620 மில்லிகிராம் சோடியம் உட்கொள்கிறார். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு 2,000. அதாவது உப்பாக 5 கிராம், தட்டையாக ஒரு தேக்கரண்டி. அது ரசத்தின் உப்பு, பொரியலின் உப்பு, ஊறுகாய், காப்பிக்கடை மீ கோரெங் எல்லாம் சேர்ந்து.

சட்டியில் போடுகிற உப்பு காய்க்குள்ளும் தண்ணீருக்குள்ளும் போய்க் கரைந்துவிடுகிறது. இலையில் மேலாகத் தூவுகிற உப்பு முதலில் நாக்கில்தான் படுகிறது. அதனால் குறைவாகப் போட்டாலும் நிறைய போட்ட மாதிரி இருக்கும். கூடவே வறுத்த எள்ளின் மணமும் வந்தால் "உப்பு பத்தலை" என்ற முணுமுணுப்பு பாதி அடங்கும். பாதிதான். முழுக்க அடங்கும் என்று பொய் சொல்ல மாட்டேன்.

எள்ளைப் பற்றி

கறுப்போ வெள்ளையோ, தோல் நீக்காத எள்ளாக வாங்குங்கள். ரொட்டி மேல் ஒட்டியிருக்குமே, பளீரென்று வெள்ளையாக, அது தோல் உரித்தது. வறுத்தால் மணம் குறைவு. அரைத்தால் சீக்கிரம் பிசுபிசுக்கும். தேக்காவிலும் முஸ்தபாவிலும் கிடைக்கும் கறுப்பு எள் இதற்கு நன்றாகவே இருக்கும், ஜப்பானிய எள்தான் வேண்டும் என்பதில்லை. டொன் டொன் டொன்கி மாதிரிக் கடைகளில் வறுத்த எள்ளே பாக்கெட்டில் வருகிறது. அதை வாங்கினால் கழுவும் வேலை மிச்சம், ஆனாலும் அரைக்கும் முன் ஒரு நிமிடம் வெறும் சட்டியில் சூடு காட்ட வேண்டும்.

வாங்கும்போது முடிந்தால் முகர்ந்து பாருங்கள். ஒருமுறை பெயர் சொல்ல விரும்பாத ஒரு கடையில் மலிவாகப் போட்டிருந்தார்கள் என்று ஒரு கிலோ வாங்கி வந்தேன். எள்ளில் ஏறக்குறைய பாதி எடை எண்ணெய்தான். பழசானால் அது காறிப்போகும். வறுக்கும்போதே பழைய பெயின்ட் டப்பாவைத் திறந்த வாடை. ஒரு கிலோவும் குப்பைக் குழாயில் போனது. ஆகவே 200 கிராமுக்கு மேல் வாங்காதீர்கள், மிஞ்சியதை மூட்டை கட்டி ஃப்ரீசரில் போடுங்கள்.

நம் கடை எள்ளில் மண்ணும் பொடிக்கல்லும் இருக்கும். அரிசி அரிக்கிற மாதிரி இரண்டு பாத்திரம் வைத்துத் தண்ணீரோடு அரித்தெடுங்கள். கல் அடியில் தங்கும், எள் மேலே வரும். ஒரு கல் தப்பினாலும் சாப்பிடுகிறவரின் பல் உங்களைக் கணக்குக் கேட்கும். அரித்த எள்ளைச் சின்னக் கண் வடிகட்டியில் கொட்டி அரைமணி நேரம் வடிய விடுங்கள். முழுக்கக் காய வேண்டாம், மிச்சத்தைச் சட்டி பார்த்துக்கொள்ளும்.

எள் சிலருக்கு ஒவ்வாது. விருந்தாளிக்குத் தூவும் முன் கேட்டுவிடுங்கள்.

வறுவல்

60 கிராம் எள், 5 கிராம் கல் உப்பு. தராசு இல்லாதவர்கள் எள் ஏழு மேசைக்கரண்டி, உப்பு ஒரு தட்டைத் தேக்கரண்டி என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் கல் உப்பின் பருமனுக்குத் தகுந்தபடி கரண்டி அளவு மாறும், தராசுதான் நல்லது.

முதலில் உப்பை வெறும் சட்டியில் இரண்டு நிமிடம் வறுத்துத் தனியே எடுத்து வையுங்கள். நம் ஊர் ஈரக் காற்றில் உப்பு எப்போதும் கொஞ்சம் நனைந்துதான் இருக்கிறது. அந்த ஈரத்தோடு அரைத்தால் தூள் நாளைக்கே கட்டி தட்டும்.

அதே சட்டியில் எள். அடி கனமான வாணலி, மிதமான தீயைவிட ஒரு படி குறைவு. முதலில் ஈர எள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சோம்பேறித்தனமாக நகரும். ஈரம் போனதும் மணல் மாதிரி ஓடத் தொடங்கும். அப்புறம் உப்பலாகும், ஒவ்வொன்றும் கொஞ்சம் பருத்த மாதிரி தெரியும். பிறகு ஒன்றிரண்டு 'டப்' என்று தெறிக்கும். மூன்றாவது தெறிப்பில் அடுப்பை அணைத்துவிடுங்கள். சட்டியின் சூடே மீதியைப் பார்த்துக்கொள்ளும். பட்டாசு மாதிரிப் படபடவென்று வெடிக்கும்வரை நின்றால் கசப்புதான் மிச்சம்.

கறுப்பு எள்ளில் நிறம் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாதே என்று கேட்பீர்கள். என் முதல் இரண்டு தோல்வியும் அங்கேதான். கருகின எள்ளும் கறுப்பு, கருகாத எள்ளும் கறுப்பு. இதற்கு ஒரு வழி உண்டு: கறுப்பு எள்ளோடு ஒரு சிட்டிகை வெள்ளை எள்ளைப் போட்டு வறுங்கள். அந்த வெள்ளை, பொன்னிறமாக மாறும்போது கறுப்பும் பதமாக இருக்கும். இன்னொரு சோதனை விரல். நாலு எள்ளை எடுத்துக் கட்டைவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் நடுவில் வைத்து நசுக்குங்கள். ஆள்காட்டி விரலில் பலம் அதிகம், அது வேகாததையும் நசுக்கிவிடும். மோதிரவிரலுக்கே நொறுங்கினால்தான் வறுபட்டது என்று அர்த்தம். இது செஃப் காட்டியது. என் அம்மா நாள்முழுக்க வடகம் காய்ந்ததா என்று பார்த்ததும் கிட்டத்தட்ட இப்படித்தான்.

வறுத்ததைச் சட்டியிலேயே விடாதீர்கள். அகலத் தட்டில் கொட்டுங்கள்.

அரைப்பு

ஜப்பானியர்கள் இதற்கென்றே ஒரு கிண்ணம் வைத்திருக்கிறார்கள். சுரிபாச்சி என்று பெயர். வெளியே பளபளப்பாகவும் உள்ளே பூச்சில்லாமல், சீப்பால் கீறிய மாதிரிக் கோடு கோடாகவும் இருக்கும் மண் கிண்ணம். குழவி மரத்தில், சுரிகோகி. அந்தக் கோடுகளில்தான் சூட்சுமம் இருக்கிறது. எள் கோட்டில் சிக்கி நிற்கும், குழவி அதன் மேல் உரசிப் போகும், தோல் கிழியும், ஆனால் பருப்பு கூழாகாது. டைசோவில் சின்ன அளவில் வாங்கினேன், இரண்டு பேர் வீட்டுக்கு அது போதும்.

கிண்ணத்துக்கடியில் ஈரத்துணி மடித்துப் போடுங்கள், இல்லாவிட்டால் மேசை முழுக்கச் சுற்றும். முதலில் உப்பை மட்டும் போட்டு மாவாக அரையுங்கள். இதில் அவசரப்படாதீர்கள், உப்பு எவ்வளவு நைசோ அவ்வளவு சீராக எள்ளோடு ஒட்டும். பிறகு இளஞ்சூட்டில் இருக்கும் எள்ளைக் கொட்டுங்கள். இடது உள்ளங்கை குழவியின் தலையில் குடை மாதிரி மூடியிருக்க, வலது கை நடுவில் பிடித்து வட்டமாகச் சுற்ற வேண்டும். அழுத்தவே கூடாது. குழவியின் எடை மட்டும் போதும். இடிக்கிற வேலையும் இல்லை. எனக்கு இது வரவில்லை. அம்மியில் வளர்ந்த கை, தன்னையறியாமல் அழுத்திவிடும். செஃப் என் மணிக்கட்டைப் பார்த்துச் சிரித்தார். "பூனையைத் தடவுற மாதிரி" என்று கையால் காட்டினார்.

ஜப்பானிய மொழியில் 'எள் அரைக்கிறான்' என்றால் இன்னொரு பொருளும் உண்டு. மேலாளருக்குக் காக்கா பிடிக்கிறான் என்று. அரைபட்ட எள் கிண்ணத்தின் எல்லாப் பக்கத்திலும் ஒட்டிக்கொள்கிறது அல்லவா, அதனால் வந்த பேச்சு என்கிறார்கள். செஃப் பக்கத்தில் நான் எள் அரைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து மற்றவர்கள் ஏன் அப்படிச் சிரித்தார்கள் என்று இரண்டு வாரம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

எங்கே நிறுத்துவது? பத்து எள்ளில் எட்டு உடைந்து, இரண்டு முழுசாகத் தெரிய வேண்டும். இரண்டு விரலால் அள்ளினால் ஈர மணல் மாதிரி ஒரு கணம் சேர்ந்து நின்று, பிறகு உதிர வேண்டும். உருண்டையாகவே நின்றுவிட்டால் எண்ணெய் விட்டுவிட்டது. அதைத் தூக்கிப் போடாதீர்கள், கொஞ்சம் சர்க்கரையும் சோயா சாஸும் சேர்த்து வெந்த கீரையில் பிசறினால் அதுவும் ஒரு ஜப்பானியப் பதார்த்தம்தான். முழு எள்ளாகவே விட்டுவிட்டாலும் பயன் குறைவு. தோல் கெட்டி, மெல்லாமல் விழுங்கினால் போன வழியே போய்விடும்.

சுரிபாச்சி இல்லையா? வீட்டில் சம்பால் இடிக்கிற கல்லுரல் இருக்கும். அதில் இடிக்காமல் குழவியை ஓரமாகச் சாய்த்து உருட்டுங்கள், ஆனால் பெலாச்சான் என்கிற இறால் விழுதின் வாடை போகக் கழுவியிருக்க வேண்டும். மிக்ஸி என்றால் எள் நன்றாக ஆறியிருக்கட்டும், ஒரு வினாடி ஓட்டம், குலுக்கல், மறுபடி ஒரு வினாடி. மூன்று தடவைக்கு மேல் பொத்தானைத் தொடாதீர்கள். பிளேடின் சூட்டுக்கே எண்ணெய் கசியும். இரவு ஒன்பது மணிக்கு மேல் கல்லுரலைத் தொட்டால் கீழ்வீட்டுக்காரர் என்ன சொல்வார் என்று வீவக அடுக்குமாடி வீட்டில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

முதல்முறை சரியாக வந்ததை இட்லிக்குப் பக்கத்தில் வைத்தேன். வீட்டுக்காரர் தொட்டு நக்கிவிட்டு, "எள்ளுப்பொடியில மிளகாய் போட மறந்துட்டியா?" என்றார். நியாயமான கேள்வி. நம் எள்ளுப்பொடியில் மிளகாயும் உளுந்தும் பெருங்காயமும் உண்டு, நல்லெண்ணெயில் குழைத்துத் தொட்டுக்கொள்வோம். அது காரத்துக்கு. இது உப்புக்குப் பதில். இரண்டையும் ஒரே வேலைக்கு அனுப்பினால் இரண்டுமே தோற்கும்.

கணக்கு

60க்கு 5 என்ற அளவில் ஒரு தேக்கரண்டி எள்ளுப்பு ஏறக்குறைய 3 கிராம் இருக்கும். அதில் உப்பு கால் கிராமுக்கும் குறைவு, சோடியம் சுமார் 90 மில்லிகிராம். ஒரு தேக்கரண்டி சோயா சாஸில் அது ஏறக்குறைய 300. 2027 நடுப்பகுதியிலிருந்து உப்பு, சாஸ், மசாலாப் பாக்கெட்டுகளுக்கும் சத்துத் தரத்தைக் காட்டும் நியூட்ரி-கிரேட் எழுத்து வரப்போகிறது. வீட்டில் அரைப்பதற்கு யாரும் எழுத்து ஒட்டித் தர மாட்டார்கள், நாமேதான் கணக்குப் போட வேண்டும்.

பழகாத நாக்குக்கு முதல் மாதம் 60க்கு 8 என்று தொடங்கி, வாரம் ஒரு கிராமாக இறக்குங்கள். எங்கள் வீட்டில் இப்போது 60க்கு 4. ஆனால் ஒரு நிபந்தனை: சட்டியில் போடுகிற உப்பைப் பாதியாகக் குறைத்தால்தான் இதெல்லாம் கணக்கு. சமையலில் வழக்கமான உப்பும் போட்டு, மேலே இதையும் தூவினால் மருந்தகத்தில் திட்டு கூடுதலாக விழும். சோடியம் குறைந்த உப்பை இதற்குப் பயன்படுத்தலாமா என்று அக்கம்பக்கத்தில் கேட்டார்கள். பயன்படுத்தலாம், ஆனால் அதில் பொட்டாசியம் இருக்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களும் முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.

அரைக்காத வகை

சோற்றுப் பெட்டியில் நாங்கள் தூவிய முழு எள் வகைக்கும் ஒரு இடம் உண்டு. வெறும் எள்ளையும் உப்பையும் கலந்து வைத்தால் உப்பு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும், மேலே உப்பில்லாத எள், கடைசியில் எள்ளில்லாத உப்பு. அதற்கு வழி, 50 கிராம் கறுப்பு எள்ளுக்கு ஒரு தேக்கரண்டி உப்பை மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்து, வறுத்த எள்ளோடு சட்டியில் ஊற்றிச் சிறு தீயில் கிளறிக்கொண்டே இருப்பது. தண்ணீர் வற்ற வற்ற எள்ளின் மேல் சாம்பல் பூத்த மாதிரி உப்பு படியும். எள்ளுக்கு எள் உப்பு. இது அரைத்ததைவிடக் கரிக்கும், கொஞ்சமாகத் தூவுங்கள்.

ஜப்பானில் இது கட்டாயம் இருக்க வேண்டிய இடம் செக்கிஹான், அதாவது சிவப்புச் சோறு. ஒட்டரிசியும் சிவப்பு அசுக்கிப் பயறும் சேர்த்து, பயறு வெந்த தண்ணீரின் நிறத்திலேயே சோறும் சிவக்கும்படி ஆக்குவார்கள். பிறந்தநாள், பிள்ளை பள்ளியில் சேர்ந்தது, தேர்வில் தேறியது என்று எல்லா நல்ல காரியத்துக்கும் அதுதான். மேலே கறுப்பு எள்ளுப்பு. பேத்தி தொடக்கப்பள்ளியில் சேர்ந்த அன்று நானும் ஆக்கினேன். மாமியார் பார்த்துவிட்டுத் தட்டை நகர்த்திவிட்டார். "நல்ல நாளும் அதுவுமா கறுப்பு எள்ளா? எள்ளும் தண்ணியும் எதுக்கு இறைப்பாங்கன்னு தெரியாதா உனக்கு?" எனக்கும் அப்போதுதான் உறைத்தது. நமக்குப் புரட்டாசிச் சனிக்கிழமை எள்ளுச் சாதம் உண்டு, ஆனால் பிறந்தநாளுக்கு யாரும் எள் தூவ மாட்டோம். அன்றைக்கு வெள்ளை எள்ளை வறுத்துப் போட்டுச் சமாளித்தேன். பெரியவர்கள் இருக்கும் வீட்டில் நீங்களும் அப்படியே செய்யுங்கள், ருசியில் பெரிய குறை இல்லை.

எதில் தூவலாம், எதில் கூடாது

உப்பில்லாத கஞ்சி. அதுதான் முதலிடம். காய்ச்சல் நாளில் மட்டுமில்லை, காலையில் சீனர்களின் தியோச்சியூ கஞ்சி மாதிரித் தண்ணியாக வைத்தாலும் சரி. அடுத்தது வெந்த மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும், சூடு இருக்கும்போதே. அவித்த முட்டை, வெள்ளரி, சில்லென்ற தௌஹு (சோயாக் கட்டி). தயிர்சாதத்தில் உப்பே போடாமல் பிசைந்து மேலே தூவினால் ஊறுகாய் தேட மாட்டீர்கள். ஊறுகாயை நிறுத்தச் சொன்னவர்களுக்கு இதைவிட நல்ல மாற்று எனக்குத் தெரியவில்லை. கங்கோங் கீரையை வெறும் தண்ணீரில் ஒரு நிமிடம் வேகவைத்துப் பிழிந்து, இதில் ஒரு கரண்டி.

குழம்பு ஊற்றிய சோற்றில் தூவாதீர்கள். மீன் குழம்பின் புளிக்கும் காரத்துக்கும் முன்னால் எள் வாயே திறக்காது. சூப்பில் போட்டால் ஊறி, மிதந்து, கடைசியில் கோப்பையின் அடியில் சேறு. அடுப்பிலிருக்கும் சட்டியிலும் போடக்கூடாது. இது சாப்பாட்டு மேசைச் சாமான்.

நெத்திலி வகை

சோற்றின் மேல் தூவுகிற பொடிகளுக்குப் பொதுவாக ஃபுரிகாக்கே என்று பெயர். தூவுவது என்ற சொல்லிலிருந்து வந்தது. 1910களில் தொடங்கிய தைஷோ காலத்தில், குமமொட்டோவைச் சேர்ந்த யோஷிமாரு சுவேகிச்சி என்ற மருந்தாளர், மக்களுக்குச் சுண்ணாம்புச் சத்து போதவில்லை என்று மீன் எலும்பைப் பொடித்து எள்ளோடு கலந்து கொடுத்தார் என்பார்கள். சோற்றின் தோழன் என்று அதற்குப் பெயர். மருந்துக்கடைக்காரர் கைபட்ட பொடி என்பதால் எனக்கு அதன் மேல் கூடுதல் மரியாதை.

நமக்கு எலும்போடு தின்கிற மீன் பக்கத்திலேயே இருக்கிறது, ஈக்கான் பிலிஸ். தலையும் குடலும் கிள்ளிய நெத்திலி 40 கிராம். தண்ணீரில் இரண்டு முறை அலசிப் பிழியுங்கள், உப்பு கொஞ்சம் இறங்கும். துணியில் ஒற்றி, எண்ணெயில்லாமல் சிறு தீயில் ஒடித்தால் 'டிக்' என்று ஒடியும்வரை வறுங்கள். ஏர்ஃபிரையர் இருந்தால் 160 டிகிரியில் ஆறேழு நிமிடம். ஆறியதும் மிக்ஸியில் இரண்டே சுற்று, தூளாக வேண்டாம், துணுக்காக. அதை மறுபடி சட்டியில் போட்டு அரைத் தேக்கரண்டி சர்க்கரையும் ஒரு தேக்கரண்டி சோயா சாஸும் தெளித்து ஈரம் போகக் கிளறுங்கள். ஆறியபின் வறுத்த வெள்ளை எள் மூன்று மேசைக்கரண்டி, கத்திரியால் நூல் நூலாக நறுக்கிய நோரி கடற்பாசி இரண்டு தாள். உப்பு வேண்டாம், நெத்திலியிலும் சாஸிலும் இருப்பதே போதும், சொல்லப்போனால் அதிகம். ஆகவே இது தினசரிக்கு இல்லை, வாரம் இரண்டு நாளைக்கு.

நான் கூடவே ஒரு கைப்பிடி கறிவேப்பிலையை மொறுமொறுவென்று வறுத்து நொறுக்கிப் போடுகிறேன். செஃப் பார்த்தால் என்ன சொல்வாரோ. பேரப்பிள்ளைகள் சொல்வது ஒன்றுதான், இன்னும் போடு. வெள்ளிக்கிழமை சைவத்துக்கு நெத்திலியை விட்டுவிட்டு, கொம்பு கடற்பாசியைக் கத்திரியால் பொடியாக நறுக்கி அதே சாஸில் கிளறுங்கள்.

ஏழு சரக்கு சேர்ந்த ஷிச்சிமி என்றொரு பொடியும் உண்டு. எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், 1625இல் தொடங்கியதாம். அதில் எள் ஒரு சரக்கு மட்டும்தான், மற்றபடி மிளகாயும் ஆரஞ்சுத் தோலும் முன்னால் நிற்கும். நூடுல்ஸுக்கு நல்லது. பழைய செய்முறைகளில் கசகசாவும் இருக்கும். ஊரிலிருந்து யாரையும் கொண்டுவரச் சொல்லாதீர்கள், சிங்கப்பூரில் கசகசாவுக்குத் தடை. ஷிச்சிமியை வீட்டில் செய்ய நான் முயன்றதில்லை, வாங்கிக்கொள்கிறேன்.

வைப்பது

சூடு முழுக்க ஆறாமல் புட்டியில் அடைக்காதீர்கள். நான் ஒருமுறை அவசரத்தில் இளஞ்சூட்டோடு அடைத்து, மறுநாள் மூடியின் உள்பக்கம் வியர்த்திருந்தது, ஐந்தாம் நாள் வாடை. சின்னக் கண்ணாடிப் புட்டி, பத்து நாளில் தீர்கிற அளவு, அவ்வளவுதான். நோரி பாக்கெட்டில் வரும் ஈரம் உறிஞ்சும் பையை ஃபுரிகாக்கே புட்டியில் போட்டு வைக்கலாம், பையைப் பிள்ளைகள் பிய்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். குளிர்பெட்டியில் வைத்தால் எடுத்தவுடன் திறக்காதீர்கள், வெளியே வைத்து சில்லிப்பு போகட்டும். இல்லாவிட்டால் நம் காற்று உள்ளே போய்த் தண்ணீராகும். ஈரக் கரண்டி போடுகிறவர்களை எப்படித் திருத்துவது என்று கேட்காதீர்கள். 38 வருடமாக முயன்றுகொண்டிருக்கிறேன்.

சுரிபாச்சியைக் கழுவுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. எவ்வளவு வழித்தாலும் கோடுகளுக்குள் ஒரு தேக்கரண்டி எள்ளாவது ஒளிந்திருக்கும். தூரிகையால் குத்தி எடுக்கலாம், பழைய பல்துலக்கியும் ஆகும். நான் செய்வது வேறு. அம்மியில் துவையல் அரைத்து வழித்ததும் அம்மா ஒரு பிடி சோற்றைக் கல்லில் போட்டுப் புரட்டி, உருண்டையாகப் பிடித்து, பக்கத்தில் நிற்கிற பிள்ளையின் கையில் வைப்பார். அதே மாதிரி, குக்கரிலிருந்து ஒரு கரண்டி சுடுசோற்றைக் கிண்ணத்தில் போட்டு, கோட்டின் போக்கிலேயே விரலால் அழுத்தித் துடைத்து உருட்டுங்கள். கிண்ணம் சுத்தமாகிவிடும், பிறகு வெந்நீர் போதும், சோப்பு வேண்டாம். உருண்டையை அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டுவிடுங்கள். மேசைக்குக் கொண்டுபோனால் பங்கு கேட்பார்கள்.